வெள்ளைத் தழும்புக்கு டாட்டூ: ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறேன்

முடித்த கையோடு இதை எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இரண்டாவது வாரத்தில் எழுதியிருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன். இப்போது ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, நிறம் எங்கே நின்றது எங்கே ஓடிப்போனது என்று தெரிந்துவிட்டது, அதனால் இப்போது எழுதுவதுதான் நியாயம்.

என் கதை இதுதான். ஒரு விபத்தில் இடது முன்கை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி 14 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள், மொத்தத்தில் பார்க்க ரயில் தண்டவாளம். நான் நல்ல மாநிறம். தழும்பு ஆறிய பிறகு சுண்ணாம்பால் கோடு போட்டது மாதிரி வெளுத்துவிட்டது. அதே விபத்தில் முழங்காலில் தரையில் தேய்த்துக்கொண்டு போன இடம் ஒன்று உண்டு, அது நேர்மாறாகக் கருத்துப்போனது. இரண்டையும் பாராமெடிக்கல் டாட்டூவால் மறைத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். கைக்குச் சரி என்றார்கள், முழங்காலுக்கு முடியாது என்றார்கள். அந்த 'முடியாது' எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது, இன்று யோசித்தால் அந்த இடத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல சேவையே அதுதான்.

பாராமெடிக்கல் டாட்டூ என்றதும் ஏதோ ஆஸ்பத்திரி சிகிச்சை என்று தோன்றும். பச்சை குத்துவதேதான். ஊசி, நிறமி, தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம், எல்லாம் அதே. படம் வரைவதற்குப் பதிலாகச் சுற்றியுள்ள தோலின் நிறத்தையே உள்ளே வைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மைக்ரோபிக்மென்டேஷன் என்றும் சொல்வார்கள். தழும்பு போகாது, தோல் பழைய தோலாகாது, மேடு சமமாகாது. பார்க்கிறவர் கண் அந்த இடத்தில் தடுக்கி நிற்காமல் தாண்டிப் போகிறதா இல்லையா என்பதுதான் இதில் கேள்வி. இதை மனதில் ஏற்றிக்கொள்ளாமல் போனால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதலில் போன இடத்தைப் பற்றி இரண்டு வரி. பேர் சொல்ல விருப்பமில்லை. உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் "ஒரே சிட்டிங்ல காணாமப் போயிடும்" என்றார்கள். தழும்புக்கு எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்கவில்லை, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, பழுப்பாக ஒரே ஒரு பாட்டிலை எடுத்துக் கை மேல் வைத்து "பாருங்க, அப்படியே மேட்ச்" என்றார்கள். போனில் காட்டிய படங்கள் எல்லாமே குத்தி முடித்த அதே நிமிடம் எடுத்தவை, சுற்றிலும் தோல் சிவந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து எடுத்த படம் ஒன்று காட்டுங்கள் என்றேன், "அவங்க திரும்ப வரலையே" என்றார்கள். நானும் திரும்பப் போகவில்லை.

இரண்டாவது இடம்தான் இந்த விமர்சனத்துக்கு உரியது. அங்கே டாட்டூ போடுபவர் முதல் நாள் ஊசியையே எடுக்கவில்லை. வெயிலில் நடந்து வந்திருந்ததால் கை சிவந்திருக்கும், நிறம் பார்க்க முடியாது என்று சொல்லி ஜன்னல் ஓரம் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார வைத்தார். அப்புறம் வந்து கட்டை விரலால் தழும்பை முழுக்க அழுத்திக்கொண்டே போனார், எங்கே மெத்தென்று இருக்கிறது, எங்கே கெட்டியாக இருக்கிறது, எங்கே உணர்ச்சி இல்லை என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டார். மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்ன முடிச்சு மாதிரி மேடு உண்டு, அங்கே வந்ததும் நின்று, "இது பிடிக்குமான்னு சொல்ல முடியாது, பாக்கலாம்" என்றார். பிடிக்கவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தழும்புக்கு எத்தனை மாதம் என்பதுதான் முதல் கேள்வி. குறைந்தது ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும், சிலருக்கு ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும். மேலே மூடிவிட்டதால் ஆறிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், உள்ளே கொலாஜன் என்ற புரத இழைகள் அத்தனை நாளும் கலைந்து அடுக்கி வேலை செய்துகொண்டேதான் இருக்கும். இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம், அந்த நேரத்தில் குத்தினால் இன்றைய நிறத்துக்குப் பொருத்தியது நாளைக்குப் பொருந்தாது. எனக்கு அப்போது 19 மாதம் ஆகியிருந்தது, தழும்பு தட்டையாக, வெள்ளையாக இருந்தது. இந்த வேலைக்கு ஏற்ற தழும்பு என்றால் அதுதான்.

அடுத்து கெலாய்டு. உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ காது குத்தின இடம் உருண்டையாக வளர்ந்திருக்கிறதா என்று கேட்டார். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு வேறு, எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் பரவும் கெலாய்டு வேறு. கெலாய்டு வரும் உடம்பில் ஊசிக் குத்தே புதிய காயம்தான், மறைக்கப் போய் இன்னொன்றை வளர்த்துக்கொள்ள நேரும். இது இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எடுத்தீர்களா, கர்ப்பமா என்று இரண்டு பக்கப் படிவம் ஒன்று. அதில், வெயிலுக்குத் தோல் எப்படிச் சிவக்கிறது, கருக்கிறது என்று பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் வகை என்றும் ஒரு கட்டம் இருந்தது, எனக்கு ஐந்து என்று போட்டார். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் அந்த அளவுகோலைக் கொண்டுவந்தபோது அதில் வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைதான் இருந்ததாம், பழுப்புக்கும் கருப்புக்கும் ஐந்தும் ஆறும் பிறகு சேர்த்தவை. நம் தோல் பாடநூலுக்குள் நுழைந்ததே பின்வாசல் வழியாகத்தான் போலிருக்கிறது.

சரி, முழங்கால். அங்கே நிறம் கூடிப்போயிருக்கிறது, குறையவில்லை. நிறமியை மேல்தோலுக்குக் கீழே, உள்தோலில்தான் வைப்பார்கள். என் கருமையைத் தரும் மெலனினோ பெரும்பாலும் மேல்தோலில், அதாவது டாட்டூ நிறமிக்கு மேலே இருக்கிறது. கருப்புத் திரைக்குப் பின்னால் சுவருக்கு வெள்ளை அடித்து என்ன பயன்? அடித்தால் சாம்பல் பூத்த மாதிரி ஒரு கலங்கிய நிறம்தான் வரும். போதாக்குறைக்கு நம்மைப் போன்ற தோலில் சின்னக் காயம் பட்டாலே அந்த இடம் கருத்துவிடும், ஊசியால் ஆயிரம் குத்து குத்தினால் முன்னைவிட மோசமாகலாம். "இதுக்குத் தோல் டாக்டரைப் பாருங்க, எங்கிட்ட வேலை இல்ல" என்று முடித்துவிட்டார். வருகிற காசை வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் கையை அவரிடம் நம்பிக் கொடுக்க மனம் வந்தது.

அன்றைக்குக் கடைசியாக ஒரு தோராயக் கலவை போட்டுப் பார்த்தார். விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்ளும் ஒரு குட்டிக் கிண்ணம், அதில் மஞ்சள் சாய்ந்த பழுப்பு, சிவப்பு சாய்ந்த பழுப்பு, கொஞ்சம் ஆலிவ் பச்சை, துளித்துளியாகச் சேர்த்து என் தோல் மேல் தடவுவதும் ஜன்னல் பக்கம் திருப்புவதும் டியூப்லைட் அடியில் கொண்டுபோவதும் துடைப்பதுமாக அரை மணி நேரம். ஜன்னலில் சரியாக இருந்த கலவை டியூப்லைட்டில் பச்சையடித்தது, எனக்கே தெரிந்தது. என் கையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நிறம் இல்லை என்பதை நான் அன்றுதான் கவனித்தேன், இத்தனை வருடம் என்னோடு இருக்கிற கை.

பிறகு சோதனை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது தழும்பின் மேலேயே, கண்ணில் அதிகம் படாத முழங்கைப் பக்க முனையில், அரை செ.மீ. நீளத்துக்கு மூன்று துண்டு மட்டும் மூன்று கலவையில் குத்தினார். ஆறு வாரம் காத்திருக்கச் சொன்னார். குத்திய அன்று மூன்றும் மண் அப்பின மாதிரி கருஞ்சிவப்பாக இருந்தன, நான்காம் நாள் லேசாகச் செதில் உதிர்ந்தது, இரண்டாம் வாரம் மூன்றுமே வெளிறி ஒன்றுமே பிடிக்கவில்லை போலத் தெரிந்தது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் நிறம் மெதுவாக மேலே வந்தது. ஆறாவது வாரம் போனபோது ஒன்றாம் எண் சாம்பலாக இருந்தது, மூன்றாம் எண் ஆரஞ்சாக இருந்தது, இரண்டாம் எண்ணைக் காணோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என் கையைத் திருப்பித் திருப்பித் தேடினார், நான் தேடினேன், பழைய போட்டோவை எடுத்து அளந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். "அப்ப இதுதான் கலர்" என்றார். அந்த நிமிடம்தான் இது வேலைக்கு ஆகும் என்று எனக்குத் தோன்றியது. சோதனை போடாமல் நேராக முழுத் தழும்பையும் குத்துகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

முழு சிட்டிங் மூன்று ஆனது, ஒவ்வொன்றுக்கும் நடுவே எட்டு வாரம். மரத்துப்போகிற லிடோகெயின் கிரீம் தடவி அரை மணி நேரம், அப்புறம் குத்துதல் ஒன்றரை மணி நேரம். வலி விசித்திரமானது. தழும்பின் நடுவில் ஒன்றுமே தெரியவில்லை, யாரோ மேஜை மேல் தட்டுகிற மாதிரி சத்தம்தான் கேட்டது. இரண்டு அங்குலம் தள்ளி ஓர் இடத்தில் தொட்டதும் முழங்கை வரை மின்சாரம் அடித்தது போல இழுத்தது. நரம்பு அறுந்து திரும்ப வளர்ந்த இடங்கள் அப்படித்தான் இருக்குமாம். ஊசி கார்ட்ரிட்ஜை என் கண் முன்னால்தான் உறை பிரித்தார், முடிந்ததும் கண் முன்னால்தான் ஊசி போடுகிற டப்பாவில் போட்டார், இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

கோடு போட்டு நிரப்பவில்லை அவர். சின்னச் சின்னப் புள்ளி, ஒழுங்கில்லாமல், ஓர் இடத்தில் நெருக்கி ஓர் இடத்தில் கலைத்து, ஓரத்தைத் தாண்டி நல்ல தோலிலும் ஒன்றிரண்டு. உற்றுப் பார்த்தால் நல்ல தோலே ஒரே நிறத்தில் இல்லை, ரோமக்கால், மச்சம், மங்கிய பழுப்பு, ரத்தக்குழாயின் நிழல் என்று ஆயிரம் இருக்கிறது. ஒரே நிறத்தில் வழுவழுவென்று நிரப்பினால் வெள்ளைப் பட்டைக்குப் பதிலாகப் பழுப்புப் பட்டை கிடைக்கும், ஒட்டுப்போட்ட பிளாஸ்திரி மாதிரி. முதல் கடையில் அதைத்தான் செய்திருப்பார்கள்.

தழும்பு நிறத்தை வாங்குவதே கஷ்டம் என்று அவர் சொன்னதை முதலில் சாக்கு என்று நினைத்தேன். நல்ல தோலில் கொலாஜன் இழைகள் கூடை பின்னியது போலக் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும், தழும்பில் ஒரே திசையில் இறுகிப் படுத்திருக்கும், ரோமக்கால் கிடையாது, வியர்வைச் சுரப்பி கிடையாது. நிறம் நிற்பதே நம் உடம்பில் அந்நியப் பொருளை விழுங்கும் மாக்ரோபேஜ் என்ற செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்வதால்தான். அந்தச் செல் செத்தால் நிறமி வெளியே விழும், அடுத்த செல் வந்து எடுத்துக்கொள்ளும், 2018-ல் பிரான்சில் எலிகளில் செய்த ஆய்வில் இப்படிக் கைமாறுவதைத்தான் பார்த்தார்கள். ஆக ஒரே தழும்பில் ஓர் இடம் நிறத்தைக் கவ்விப் பிடிக்கும், ஓர் இடம் துப்பிவிடும். என் தழும்பிலும் அதுதான் நடந்தது, முதல் சிட்டிங் முடிந்து ஆறிய பிறகு பார்த்தால் விட்டு விட்டு, மழை பெய்து பாதி அழிந்த கோலம் மாதிரி இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அந்த இடைவெளிகளை அடைக்கத்தான்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. தழும்பு முன்னைவிட மெத்தென்று ஆகியிருக்கிறது, தையல் புள்ளிகளில் இரண்டு மூன்று தட்டையாகிவிட்டன. இது புதிய சங்கதி இல்லை. 1997-லேயே கமிரான், டூசே என்ற இருவர், வெளுத்த தழும்புகளுக்குத் தோல் நிறத்தில் டாட்டூ போட்டவர்களைப் பின்னால் பார்த்தபோது, போட்ட நிறம் மங்கிய பிறகும் தழும்பு நன்றாக இருந்ததையும் சொந்த நிறம் திரும்பியிருந்ததையும் கவனித்து, நிறமியே இல்லாமல் வெறும் ஊசியால் குத்திப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இன்று தோல் கிளினிக்குகளில் மைக்ரோநீட்லிங் என்று ஓடுகிறதே, அதன் முன்னோடிகளில் இதுவும் ஒன்று. எனக்கு நடந்தது ஊசியாலா காலத்தாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. யாராவது இதைக் காட்டித் தழும்பே கரைந்துவிடும் என்று விற்றால் நம்ப வேண்டாம்.

இப்போது குறைகள். மணிக்கட்டுப் பக்க முடிச்சில் மூன்று முறையும் நிறம் நிற்கவில்லை, இன்றும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சண்டை போட முடியவில்லை. பக்கவாட்டில் இருந்து விளக்கு பட்டால் கோட்டின் மேடு நிழலோடு தெரியும், அதற்கு எந்த நிறமும் ஒன்றும் செய்ய முடியாது. போட்டோவில் ஃபிளாஷ் அடித்தால் தழும்பு வேறு மாதிரி பளபளக்கும். வெயில்தான் எல்லாவற்றையும்விட பெரிய தலைவலி: சுற்றியுள்ள தோல் கருக்கும், குத்திய நிறம் கருக்காது. போன வெயில் காலத்தில் இரண்டு வாரம் அரைக்கைச் சட்டையோடு அலைந்தேன், கை இரண்டு ஷேடு கருத்தது, மறைந்திருந்த தண்டவாளம் அப்படியே திரும்ப வந்து நின்றது. கை தன் நிறத்துக்கு வர மூன்று மாதம் ஆனது. அதுவரை சன்ஸ்கிரீனைப் பற்றிப் பேசினால் சிரித்துக்கொண்டிருந்த ஆள் நான்.

இடத்தைப் பற்றியும் இரண்டு குறை உண்டு. பின்பராமரிப்புக்குக் கொடுத்த காகிதத்தில் நான்கு வரிதான் இருந்தது: சுத்தமாக வை, சொறியாதே, நீச்சல் வேண்டாம், வெயில் வேண்டாம். இரண்டாம் வாரத்தில் நிறம் காணாமல் போனது போலத் தெரியும், பயப்படாதே என்று ஐந்தாவதாக ஒரு வரி எழுதியிருந்தால் நான் இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்திருக்க மாட்டேன். மெசேஜ் அனுப்பினால் மூன்று நாள் கழித்துப் பதில். இன்னொன்று, இது நிரந்தரம் இல்லை, சில வருடத்தில் மங்கும், திரும்ப வந்து தொட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மூன்றாவது சிட்டிங்கில்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு.

பிடிக்கவில்லை என்றால் லேசர் போட்டு அழித்துவிடலாம் என்று நினைத்து யாரும் இறங்க வேண்டாம். தோல் நிறக் கலவைகளில் இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் இருக்கும், லேசர் பட்டால் அவை அழிவதற்குப் பதிலாகக் கருத்துவிடக்கூடும், பழுப்பாக இருந்தது சாம்பல் கருப்பாகிவிடும். தழும்பை மறைக்கப் போய்க் கருங்கோட்டோடு திரும்புவதை நினைத்துப் பாருங்கள். இரும்பு இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்கும்போது அரிதாகச் சிலருக்கு அந்த இடத்தில் எரிச்சலோ வீக்கமோ வருவது உண்டு, அதற்காக ஸ்கேனைத் தவிர்க்கத் தேவையில்லை, எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் இருந்து டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது, நிரந்தர மேக்கப்புக்கும் சேர்த்து. அதனால் பாட்டிலின் லேபிளைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். நான் கேட்டேன், எடுத்துக் கையில் கொடுத்தார்.

காத்திருக்கும் அறையில் என்னைவிடப் பெரிய காரணங்களோடு வந்தவர்கள் இருந்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து மார்பை மீட்டமைத்துக்கொண்ட அக்கா ஒருவரோடு மூன்று முறையும் பேச நேர்ந்தது. அங்கே மறைக்கும் வேலை இல்லை, இல்லாத ஒன்றை வரையும் வேலை. முலைக்காம்பும் அதைச் சுற்றிய கருவட்டமும் நிழலும் வெளிச்சமுமாக வரைகிறார்கள், தட்டையான தோலில் மேடு இருப்பது போலவே தெரியுமாம். கதிர்வீச்சு எடுத்த பக்கம் தோல் மெலிந்திருந்ததால் இவருக்கு அதிகம் காத்திருக்கச் சொல்லி, டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்களாம். "குளிக்கும்போது கண்ணாடியத் திருப்பி வெச்சிருந்தேன், இப்பத் திருப்பல" என்றார். அப்புறம் தன் பையில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார், நானும் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

பிளவு உதடு தைத்த தழும்பின் மேல் உதட்டு ஓரத்தை வரைந்துகொள்ள வந்த பையன் ஒருவன், தலையில் ஆபரேஷன் கோட்டில் முடி முளைக்காத இடத்துக்குப் புள்ளி வைக்க வந்தவர் ஒருவர். தோல் ஒட்டுப் போட்ட இடம் பெரும்பாலும் சுற்றியுள்ளதைவிடக் கருத்துத்தான் போகும், அதனால் என் முழங்கால் கதைதான் ஒட்டுப் போட்டவர்களில் பலருக்கும். வெண்புள்ளி இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். புள்ளிகள் இன்னும் பரவிக்கொண்டிருக்கும்போது ஊசி பட்டால் பட்ட இடத்திலேயே புதிதாக ஒன்று கிளம்பக்கூடும், கோப்னர் விளைவு என்பார்கள். குறைந்தது ஒரு வருடமாவது புதிதாக எதுவும் வராமல், இருப்பது பெரிதாகாமல் இருந்தால்தான், அதுவும் தோல் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

என் கைக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. ஜன்னல் வெளிச்சத்தில் ஓர் அடி தள்ளி நின்று பார்த்தால் பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியவில்லை, தெரிந்த இரண்டு பேரும் நான் கையை நீட்டிக் காட்டியதால் தேடிக் கண்டுபிடித்தவர்கள். முழங்காலுக்குத் தோல் டாக்டர் ஒரு கிரீம் கொடுத்திருக்கிறார், அது அதன் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

நிறம் நடுவில் லேசாக மங்க ஆரம்பித்திருக்கிறது, தொட்டுக்கொள்ளப் போக வேண்டும். கை கருத்திருக்கும்போது வராதே, நிறம் தப்பாகிவிடும் என்று சொல்லியிருப்பதால் முழுக்கைச் சட்டையோடு காத்திருக்கிறேன். இந்த மாதிரி கெட்டியான முடிச்சில் நிறம் நின்றவர்கள் யாராவது இருந்தால் எத்தனை சிட்டிங் ஆனது, அதற்கு முன்னால் சிலிகான் ஷீட்டோ மருந்து ஊசியோ போட்டு மேட்டைக் குறைத்துக்கொண்டீர்களா என்று எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது அவரிடம் கேட்க வேண்டும்.